தொட்டில் பிள்ளைக்கு ஒரு பூசை

சான்டா கிளாரா
9 ஆகஸ்ட் 1986

சிட்டு,

இருக்கிற கோபத்துக்கு உன்னை ஜெயசெல்வி என்று முழுப்பேர் போட்டுத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த அன்றைக்கு நீ வீட்டுக்குள் குடுகுடு என்று நடந்ததைப் பார்த்து நான் வைத்த பேர். அது பாட்டுக்கு வந்துவிட்டது. இருக்கட்டும்.

போனில் பேசினால் நீயும் அழுகிறாய், நானும் அழுகிறேன், ஒன்றும் பேசாமல் வைத்துவிடுகிறோம். அதனால்தான் இந்தக் கடிதம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில், நான் நியூ ஜெர்சிக்கு வரவில்லை. ஜனவரியில் இந்த அபார்ட்மென்டை இடிக்கப் போகிறார்கள், எல்லாரும் காலி செய்ய வேண்டும் என்று காகிதம் வந்ததும், கீழ்வீட்டு ஷ்யாமளா அதை வாசித்துச் சொன்னதும் நிஜம்தான். அதற்காக? ஒரே பிள்ளை. பிப்ரவரி மழையில் ஃப்ரீவேயில் கார் மோதிப் போனவனை இங்கே மண்ணுக்குள் வைத்திருக்கிறேன். உனக்குப் புருஷன். வேலை கிடைத்தது, போய்விட்டாய். நான் எப்படிப் போவேன்? இங்கே இருந்தால் ஒரே பஸ்ஸில் தாமஸ் கிட்டே போய்விடலாம். இறங்கி ரோட்டைக் கடந்தால் கல்லறைத் தோட்டத்துக் கேட்.

நான் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டே இருக்கிறேன் என்று நினைக்காதே. சனிக்கிழமைகளில் ஒரு இடத்துக்குப் போகிறேன். மாதா கோயிலில் என் பக்கத்தில் உட்காருவாளே கார்மன், அந்த மெக்சிகோக்காரி, அவள் கூட்டிப்போனாள். ஒரு பழைய ஸ்பானிஷ் வீடு. ஸ்பெயின் ராஜா கையில் இந்த ஊர் இருந்த காலத்தில் கட்டினதாம். செங்கல் இல்லை, சுடாத மண்கட்டி. சன்னலில் நான் ஏறிக் காலை நீட்டி உட்காரலாம், சுவர் அத்தனை கனம். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ச்சி. அதை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். மூன்றே ரூம். ஒவ்வொரு வாசலிலும் கயிறு கட்டி, ஆட்கள் இப்போதுதான் எழுந்து போனது மாதிரி சாமான்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். கட்டில், மாதா சுருபம், சாப்பாட்டு மேசை, தட்டு, கரண்டி. கார்மன் அங்கே துப்புரவு வேலை பார்க்கிறாள். நான் கூட நின்று தூசி தட்டுகிறேன். யாராவது கேட்டால் வாலன்டியர் என்று சொல்ல வேண்டுமாம். அந்த வார்த்தையை மூன்று நாள் சொல்லிப் பழகினேன்.

முதல் நாளே ஒரு கூத்து. மேசை மேல் ஒரு ரொட்டி இருந்தது. தூசி படிந்து கல்லாய்ப் போயிருந்தது. எத்தனை நாள் ரொட்டியோ, யாரும் பார்க்கவில்லை போல என்று எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். மத்தியானம் கார்மன் ரொட்டியைக் காணோம் என்று தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடுகிறாள். அது சுண்ணாம்பில் செய்து வர்ணம் பூசின ரொட்டியாம்! குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டு எடுத்தேன். நுனி உடைந்திருந்தது. உடைந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு ரெண்டு பேரும் சிரித்தோம். அவன் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

படுக்கை ரூமில் ஆணியில் ஒரு ஆம்பிளைக் கோட்டு தொங்குகிறது. யாரோ ஒருத்தனுடைய கோட்டை நூறு வருஷத்துக்கு மேல் மாட்டி வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நீ உன் புருஷன் சட்டையை ரெண்டு மாசம் வைத்திருக்கவில்லை. நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டாய். மோந்து பார்க்க ஒரு பனியன் கூட இல்லாமல் பண்ணினாய். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை
ஞானமணி

—

வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி
30 ஆகஸ்ட் 1986

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. டியூட்டி முடிந்து வந்து, யூனிஃபார்மைக் கூட மாற்றாமல் வாசித்தேன். ரொட்டிக் கதையை ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற ஃபிலிப்பைன்ஸ் பெண்ணிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். உடைந்த பக்கத்தைத் திருப்பி வைக்கிறது நம்ம வீட்டுப் பழக்கம்தானே அத்தை. சிலுவைப் படம் போட்ட அந்தக் கோப்பைக்குக் காது உடைந்ததை அவர் எத்தனை மாசம் கண்டுபிடிக்கவில்லை!

இங்கே எனக்கு ரெண்டு ரூம். ஒன்று சும்மா கிடக்கிறது. சும்மா என்றால் சும்மா இல்லை, ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். தாழ்வான கட்டில், உங்கள் முழங்காலுக்கு ஏற்ற மாதிரி. கோயில் நடக்கிற தூரம். ஐசலின் என்கிற ஊரில் ஒரு குஜராத்திக் கடையில் முருங்கைக்காய் கூட வருகிறது. குளிர்தான் உங்களுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது.

"அவனே போயிட்டான், இனி உனக்கும் எனக்கும் என்ன பிள்ளே இருக்கு?" என்று ஜூன் மாசம் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நான் உங்கள் வயிற்றில் பிறக்கவில்லை. உங்களுக்குப் பேரப்பிள்ளை பெற்றுத் தரவில்லை. இருந்த ஒரே ஒரு ஆளும் நடுவிலிருந்து போய்விட்டார். பிளேனில் வரும்போதெல்லாம் யோசித்தேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை. கிடைக்கிற வரைக்கும் இங்கே வந்து இருங்களேன்.

துணியைப் பற்றி நான் எழுத மாட்டேன். நீங்களும் கேட்காதீர்கள்.

சுகர் மாத்திரையை சாப்பாட்டுக்கு முன்னாடி போடுங்கள். பின்னாடி போட்டுவிட்டு முன்னாடி போட்டேன் என்று ஷ்யாமளாவிடம் பொய் சொல்லாதீர்கள்.

சிட்டு

—

சான்டா கிளாரா
10 நவம்பர் 1986

சிட்டு,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. மாத்திரையை முன்னாடிதான் போடுகிறேன். ஷ்யாமளா உனக்கு உளவு சொல்கிறாள் என்று தெரிந்துபோயிற்று.

கல்லறைத் திருநாள் முடிந்தது. அவன் இல்லாத முதல் கல்லறைத் திருநாள். நம்ம ஊர் மாதிரி இங்கே யாரும் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதில்லை, பூவைக் கொட்டுகிறதில்லை, புல்லை வெட்டுகிறதோடு சரி. கார்மன் ஆட்கள் மட்டும் நம்மைப் போல. சாமந்திப் பூவைக் குவித்து, மெழுகுதிரி ஏற்றி, செத்துப்போனவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொண்டு வருகிறார்கள். நானும் அவனுக்குப் பிடித்த மாதிரி தேங்காய் அரைத்து மீன் குழம்பு வைத்துக் கொண்டுபோனேன். கார்மன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் விட்டாள். துக்கம் என்று நினைத்தேன். காரமாம்.

உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. அந்த மியூசியம் வீட்டில் படுக்கை ரூமில், கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு மரத் தொட்டில். உள்ளே சின்ன மெத்தை, ஒரு துணிப் பொம்மை. போன மாசமெல்லாம் அதைத்தான் நான் துடைத்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. துடைக்கத் துடைக்க எனக்கு ஒன்று புரிந்தது. பிள்ளை வளர்ந்த தொட்டிலாக இருந்தால் விளிம்பில் பல் பட்டிருக்கும். தாமஸ் படுத்த தொட்டிலை முழுக்கக் கடித்துக் குதறியிருப்பான். இதில் ஒரு தடம் இல்லை. மூலை கூடத் தேயவில்லை. அப்படியென்றால் என்ன? பல் முளைக்கிறதுக்கு முன்னாடியே அந்தப் பிள்ளை போய்விட்டது. இந்தச் சுவருக்குள்ளே ஒருத்தி அதைப் பறிகொடுத்திருக்கிறாள். அவளும் என் மாதிரிதான். பிள்ளையின் பேர் கூட எந்தப் பலகையிலும் எழுதவில்லை.

கோயிலில் இறந்தவர்கள் பேர் எழுதிப் போட ஒரு உறை கொடுத்தார்கள், அந்த ஞாயிறு பூசையில் வாசிக்க. எனக்கு இங்கிலீஷ் எழுத வராதே, ஷ்யாமளாவிடம் கொண்டுபோனேன். அவள் ஐயர் வீட்டுப் பெண், பாவம், மடியில் வைத்து எழுதினாள். தாமஸ் பேர் எழுதினாள். இன்னொன்று இருக்கு என்றேன்.

"யாரு ஆன்ட்டி?"

"அந்த மண்வீட்டுத் தொட்டில் பிள்ளை."

"பேர் என்ன?"

"பேர் தெரியாதும்மா. தொட்டில் பிள்ளைன்னே போடு."

"பேர் இல்லாம ஃபில் பண்ணினா உங்க சாமி அக்செப்ட் பண்ணுவாரா ஆன்ட்டி?"

"ஏன், பேரைச் சொல்லித்தான் அவரு கூப்பிட்டுக்கிட்டாரா?" என்றேன். அப்படியே எழுதிவிட்டாள்.

பூசையில் ஃபாதர் ஒவ்வொரு பேராக வாசித்தார். தாமஸ் தேவநேசன் என்று நம்ம பிள்ளை பேரை வாயில் நுழையாமல் இழுத்தார். அதற்கு அடுத்ததாக, பழைய வீட்டுத் தொட்டில் குழந்தை என்று இங்கிலீஷில். எனக்கு அது மட்டும் விளங்கியது. ரெண்டு பேரும் அடுத்தடுத்து. எனக்கு என்னமோ மனசு லேசாகிவிட்டது. துணைக்கு ஒரு சின்னப் பிள்ளை போகிறது மாதிரி இருந்தது.

இதை எழுதும்போது நினைக்கிறேன். உன் வயிற்றிலும் ஒன்று தங்கியிருந்தால் நீ இப்படி ஓடியிருக்க மாட்டாய். நானும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உன் பின்னாலேயே வந்திருப்பேன். கர்த்தர் அதையும் கொடுக்கவில்லை. யாரை என்ன சொல்ல.

நான் வருகிறதாக இல்லை. கார்மன் வீட்டுக்குப் பின்னால் ஒரு ரூம் இருக்கிறது. அதைக் கேட்டுவைத்திருக்கிறேன்.

அத்தை

—

வெஸ்ட் வின்ட்சர்
20 நவம்பர் 1986

அத்தைக்கு,

கடிதம் வந்தது.

டிக்கெட் போட வேண்டுமா வேண்டாமா என்பதை ஷ்யாமளாவிடம் சொல்லி அனுப்பினால் போதும். நீங்கள் எழுத வேண்டாம். எனக்கும் இந்த மாசம் டியூட்டி அதிகம். எழுத நேரம் இருக்காது.

பெரிய போர்வை ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

ஜெயசெல்வி

—

சான்டா கிளாரா
14 டிசம்பர் 1986

சிட்டு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். ஜெயசெல்வி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய், பேங்க்குக்கு எழுதுகிற மாதிரி. நாலு வரிக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்தேன். என்ன குற்றம் செய்தேன் என்று விளங்கவில்லை. போர்வை வந்தது. கதகதப்பாக இருக்கிறது. அது கதகதப்பாக இருக்கிறதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

என்னைப் பார்த்துச் சிரிக்கவாவது ஒரு காரணம் தருகிறேன். கேள்.

போன சனிக்கிழமை கிறிஸ்துமஸுக்கு ஜோடிக்க வேண்டும் என்று மியூசியத்தில் ஆட்கள் வந்தார்கள். தொட்டிலை முன்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அதில் குழந்தை சேசுவை வைக்கப் போகிறார்களாம். நான் போய்க் குறுக்கே நின்றுவிட்டேன். ஷ்யாமளா அன்றைக்கு என்னைக் காரில் கொண்டுவிட வந்தவள், அவளும் நின்றுகொண்டிருந்தாள். "சொல்லும்மா இவங்க கிட்ட, செத்த பிள்ளை தொட்டிலை இப்படித் தூக்கக் கூடாது, அதுக்கு நான் பூசை கொடுத்திருக்கேன்" என்றேன். ஷ்யாமளா அதை இங்கிலீஷில் சொன்னாள். அங்கே சுற்றிக் காட்டுகிற வெள்ளைக்கார டீச்சரம்மா ஒருத்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். நல்ல பொம்பளைதான், சிரிக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். ஷ்யாமளா என் காதில் சொல்லச் சொல்ல நான் தொட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆன்ட்டி, தொட்டில் இந்த வீட்டோடது இல்லையாம். ஒஹையோவிலேர்ந்து யாரோ டொனேட் பண்ணினதாம்."

"அப்ப இந்த வீட்டுப் பிள்ளைக்குத் தொட்டில் எங்கே?"

"இந்த வீட்டுல பிள்ளையே இல்லையாம் ஆன்ட்டி. அண்ணன் தம்பி ரெண்டு பேர் இருந்தாங்களாம், சோல்ஜர்ஸ். ரெண்டு பேரும் கல்யாணமே பண்ணிக்கலையாம்."

கட்டில் எங்கிருந்தோ வந்தது. மாதா சுருபம் ஒரு கடையில் வாங்கினது. நான் உன்னைக் குத்திக் காட்டினேனே அந்தக் கோட்டு, அது யாரோ நாடகக்காரர்கள் கொடுத்ததாம். வீட்டில் வீட்டுச் சாமான் என்று ஒன்றுமே கிடையாது. சுவர் மட்டும்தான் பழசு.

திரும்பி வரும்போது காரில் ஷ்யாமளா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "சாரி ஆன்ட்டி, சாரி. ரெண்டு பிரம்மச்சாரிக்கு நீங்க குழந்தை பெத்துக் குடுத்துட்டீங்க" என்றாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இல்லாத பிள்ளைக்குப் பூசை கொடுத்திருக்கிறேன் பிள்ளே. தாமஸுக்குத் துணையாக ஒன்றும் போகவில்லை. பேரை மட்டும் வாசித்தார்கள், அது எங்கே போய்ச் சேர்ந்ததோ. ஃபாதரிடம் போய் என்ன சொல்ல? கொடுத்த பூசையைத் திருப்பி வாங்க முடியுமா?

கார்மன் ரூமைப் போய்ப் பார்த்தேன். சன்னல் சின்னது. இருந்தாலும் போதும். அவன் கல்லறைக்கு இன்னும் கிட்டே. ஜனவரி முதல் வாரம் சாமானைக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று பேச்சு.

எனக்குக் களைப்பாக இருக்கிறது சிட்டு. எதற்குக் கோபம் என்றாவது ஒரு வரி போடு. திட்டி எழுதினாலும் சரி. நீ திட்டினால் உன் குரலிலேயே எனக்குக் கேட்கும்.

அத்தை

—

வெஸ்ட் வின்ட்சர்
28 டிசம்பர் 1986

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே பனி பெய்து ரோடு மூடிக் கிடக்கிறது. லீவு. எழுதாமல் இருக்க இன்றைக்கு எந்தச் சாக்கும் இல்லை.

சொல்ல வேண்டாம் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன். சொன்னால் நீங்கள் இன்னொரு தடவை அடக்கம் பண்ண வேண்டியிருக்கும். ஒரு வருஷத்தில் ஒருத்தர் எத்தனை தடவை அழுவது என்று நினைத்தேன். ஆனால் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தால் ஓடியிருக்க மாட்டாய் என்று எழுதிவிட்டீர்கள். அந்தக் கடிதத்தோடு பாத்ரூமுக்குள் போய் உட்கார்ந்தவள் எப்போது வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியாது.

தங்கியிருந்தது அத்தை.

அவர் போன பிறகுதான் எனக்கே தெரியும். மார்ச் மாசம். அவருக்குத் தெரியாது. அடக்கத்துக்கு வந்த கூட்டமெல்லாம் கலையட்டும், நீங்கள் ரெண்டு வாய் ஒழுங்காகச் சாப்பிடட்டும், ஈஸ்டர் அன்றைக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். ஈஸ்டர் அன்றைக்கு நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று இருந்தேன்.

அந்த அடுத்த ஞாயிறு, நீங்கள் கோயிலில் இருந்தீர்கள். நான் வார்டில் இருந்தேன். ஒரு பாட்டியம்மாவுக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தபோது ரத்தம் போக ஆரம்பித்தது. கூட இருந்தவர்கள் கீழே எமர்ஜென்சிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நர்ஸாக இருந்து என்ன, பிள்ளை தங்கவில்லை. சாயங்காலம் நானே காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் மத்தி மீன் வாங்கி வைத்திருந்தீர்கள், அவர் போன பிறகு முதல் தடவையாக. "சிட்டு, இதைக் கொஞ்சம் கழுவிக் கொடு, அவனுக்குப் பிடிச்ச குழம்பு வைப்போம்" என்றீர்கள். உங்கள் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. கழுவிக் கொடுத்தேன். உங்கள் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் அன்றைக்கு ரெண்டு தட்டு சாப்பிட்டீர்கள். அது எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது.

இனி துணி. ஷ்யாமளாவுக்குப் பிள்ளை பிறந்தபோது கடைத் துணியெல்லாம் சொரசொரப்பு, பிறந்த பிள்ளைக்குப் பழைய வேட்டியைக் கிழித்துப் போட்டால்தான் மெத்தென்று இருக்கும், அதுவும் அப்பன் வேட்டி என்றால் விசேஷம் என்று சொன்னீர்கள். அது என் மனசில் இருந்தது. மார்ச்சிலேயே அவருடைய வேட்டிகளை வெந்நீரில் அலசி, ஓரத்துக் கரையைப் பிரித்தெடுத்து, சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்து, அலமாரியில் அவர் சட்டைகளுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தேன். ஞாயிறுக்கு அப்புறம் அந்த அலமாரியை என்னால் திறக்க முடியவில்லை. கிழித்த வேட்டியை மட்டும் தூக்கிப்போட்டால் வேட்டி எங்கே என்று கேட்பீர்கள். வீட்டில் வைத்தால் எப்போதாவது கண்ணில் படும். கிழித்ததைப் பார்த்தால் உங்களுக்கு உடனே புரிந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினேன். சட்டை, பனியன், எல்லாம். நீங்கள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத்தான். அது நிஜம்.

எனக்கும் மோந்து பார்க்க ஒன்றும் இல்லை அத்தை.

தொட்டில் பிள்ளை கதையை வாசித்துவிட்டு நான் சிரிக்கவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. யாரோ ஒரு வீட்டில் இல்லாத பிள்ளைக்குப் பூசை, இருந்த பிள்ளைக்கு ஒரு மெழுகுதிரி இல்லையே என்று. அப்புறம் ஆஸ்பத்திரி சாப்பலில் போய் உட்கார்ந்து யோசித்தேன். அந்தப் பூசையில் பேர் இல்லாமல்தானே எழுதிப் போட்டீர்கள். தாமஸ் பேருக்கு அடுத்ததாகத்தானே வாசித்தார்கள். அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை, அது யாருக்கும் சொந்தமில்லை என்றால், நான் எடுத்துக்கொள்ளலாமா?

நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை. கார்மன் ரூமில் ஹீட்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிட்டு

—

சான்டா கிளாரா
11 ஜனவரி 1987

சிட்டு, என் கண்ணே,

எடுத்துக்கோ.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு ரெண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. ஃபாதரைப் போய்க் கேட்கலாமா என்று நினைத்தேன். அவர் என்ன சொல்வது? கொடுத்தவள் நான், கேட்கிறவள் நீ. மாதாவுக்குத் தெரியும். அன்றைக்கு அந்தப் பேரை வாசித்தபோது எனக்கு மனசு லேசானது சும்மா இல்லை. ஒஹையோ தொட்டிலுக்கா அப்படி லேசாகும்? நான் என்னமோ ஆராய்ச்சி பண்ணி, பல் தடம் பார்த்து, தப்பான வீட்டில் போய் அழுதேன். பூசை மட்டும் வீடு தவறவில்லை.

மற்றதை என்னால் எழுத முடியவில்லை. சாயங்காலம் நீயே காரை ஓட்டிக்கொண்டு வந்தாய் என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த இடத்தைத் தாண்டி என்னால் ஒரே மூச்சில் வாசிக்கவே முடியவில்லை. ஷ்யாமளா வந்து கதவைத் தட்டினாள். "ஆன்ட்டி, ஜெயசெல்விக்கு ஏதாவதா?" என்றாள். கடிதத்தை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அது நம்ம ரெண்டு பேர் காரியம். என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். நல்ல பிள்ளை.

உனக்கு யாரு வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள்? ஒருத்தரும் இல்லை. மருந்து அரைத்துக் கொடுக்கவில்லை, இடுப்பில் துணி கட்டவில்லை, ஒரு நாள் கூடப் படுக்கவில்லை, திங்கட்கிழமையே டியூட்டிக்குப் போனாய், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு வருஷம் ஆகப்போகிறது, இனி மருந்து கொடுத்து என்ன என்று கேட்பாய். உடம்பு மறக்காது. சுக்கும் கருப்பட்டியும் இங்கேயே ஒரு கடையில் பார்த்து வாங்கி வைத்துவிட்டேன். பூண்டு அங்கே கிடைக்கும் இல்லையா? வாயை மூடிக்கொண்டு குடிக்க வேண்டும். நர்ஸ் என்று என்னிடம் சட்டம் பேசக் கூடாது.

ஆமாம், வருகிறேன். ஷ்யாமளா டிக்கெட் போட்டுவிட்டாள், அவளே உனக்கு போன் பண்ணி நாளும் நேரமும் சொல்வாள். பிளேனில் ஏற்றிவிடும்போது கழுத்தில் ஒரு அட்டை மாட்டிவிடப் போகிறாளாம், நான் எந்த ஊர், எங்கே போகிறேன், பாஷை தெரியாது என்று. தொலைந்துபோன ஆட்டுக்கு மாட்டுகிற மாதிரி.

கார்மனிடம் ரூம் வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். எனக்கு இங்கிலீஷ் வராது, அவளுக்குத் தமிழ் வராது. வயிற்றில் கையை வைத்துக் காட்டினேன், உன் பக்கமாக வானத்தைக் காட்டினேன், அப்புறம் கையை விரித்துவிட்டேன். அவளுக்கு விளங்கிவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டு ஸ்பானிஷில் என்னவோ நிறையச் சொன்னாள். இனி வருகிற கல்லறைத் திருநாளெல்லாம் தாமஸுக்குப் பூ வைக்கிறது தன் பொறுப்பு என்று மட்டும் எனக்குப் புரிந்தது.

எனக்கும் உனக்கும் என்ன இருக்கு என்று அன்றைக்குக் கேட்டேன். இனி கேட்க மாட்டேன்.

நேற்றைக்கு அவனிடம் போயிருந்தேன். மழைத் தூறல். குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா உன் பெண்டாட்டி வீட்டுக்குப் போறேன் ராசா, அவ அங்கே ஒத்தையில கிடக்கா, கோவிச்சுக்காதே என்று சொன்னேன். அதைச் சொல்லிவிட்டேன். இன்னொன்றைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒரு பிள்ளைக்குத் தகப்பன் என்று தெரியாமலேயே போனவனிடம், கல்லுக்கு முன்னால் நின்று, இப்படி இப்படி என்று எப்படிச் சொல்வேன்? நின்றேன், நின்றேன், பஸ் வந்துவிட்டது, வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதிலிருந்து ஒன்றுதான் மனசைப் போட்டுப் பிசைகிறது. அவன் பிப்ரவரியில் போனான். அது ஏப்ரலில் போனது. முகம் கிடையாது, பேர் கிடையாது, நீ என்று சொல்லி யாரும் கூப்பிட்டது கிடையாது. அது அங்கே போய் அவன் முன்னால் நின்றபோது, தன் பிள்ளைதான் என்று அவனுக்குத் தெரிந்திருக்குமா சிட்டு?